பத்தொன்பது எழுத்து

என் அக்கா புருசன் ஜெயபாலனுக்கு ஈப்போவில் எங்கள் புந்தோங் வட்டாரம் முழுக்க ஒரே பெயர்தான்: டிக்சனரி. கேலியாக இல்லை, மரியாதையாகவே கூப்பிட்டார்கள். இப்போது எரிச்சலோடு சொல்பவன் நான் ஒருவன்தான்.

பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை முதலாளி விற்றதும் ஈப்போவுக்கு வந்து ஒரு ஃபேக்டரி கேட்டில் ஜாகா வேலைக்கு, அதாவது காவலுக்கு, சேர்ந்தார். மேனேஜர் படித்துப் போட்ட இங்கிலீஷ் பேப்பர் மத்தியானம் அவர் கைக்கு வரும். அதில் ஒரு கட்டத்துக்குள் ஒன்பது எழுத்தைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். அவற்றை வைத்து எத்தனை சொல் கட்ட முடியுமோ கட்ட வேண்டும். ஒன்பதும் சேர்ந்த நீளச் சொல் ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கும். அதைப் பிடித்துவிட்டால் மாமாவுக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

எப்படிப் பிடிப்பதென்று ஒருமுறை காட்டினார். ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் பிடுங்கி வாலில் வைப்பார். மிச்சம் ஆறையும் வட்டமாக எழுதி, மாற்றி மாற்றிக் கோப்பார். பிறகு பழைய புத்தகக் கடையில் வாங்கிய டிக்சனரியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அர்த்தம் பார்ப்பதில்லையா என்று கேட்டேன்.

“அர்த்தத்தையும் இங்கிலீஷ்லதானே போட்டிருக்கான், மச்சான்” என்றார். சேர்ந்து சிரித்தோம். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஊருக்கு இது தெரியாது. இன்சூரன்ஸ் கடிதம், பேங்க் கடிதம் எல்லாம் அவரிடம் வரும். கண்ணாடியை மாட்டுவார், தேதியைப் பார்ப்பார், தெரிந்த நாலு சொல்லை வைத்து மிச்சத்தை ஊகிப்பார். பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைத்தது. ‘தெரியவில்லை’ என்று சொல்லும் பழக்கமே விட்டுப்போயிற்று.

போன வருசம் கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். மார்பகப் பரிசோதனைக்கு ஒரு பஸ் வந்திருந்தது. என் அக்கா புனிதாவும் போனாள். மூன்று வாரம் கழித்து முடிவு தபாலில் வந்தது, முழுக்க இங்கிலீஷில். அக்கா வேறு யாரிடம் காட்டுவாள்? வீட்டிலேயே டிக்சனரி இருக்கிறது.

மாமா வாசித்தார். இரண்டாம் வரியிலேயே அவர் முகம் மலர்ந்ததாம். ‘மைக்ரோகால்சிஃபிகேஷன்ஸ்’. பத்தொன்பது எழுத்து. இருபது வருசத்தில் அவர் கையில் விழாத மீன்.

“என்ன போட்டிருக்கு?” என்று அக்கா கேட்டாள்.

“ஒண்ணும் இல்லலா. எல்லாம் ஓகே.”

அந்த வாரம் முழுக்க அந்தப் பத்தொன்பது எழுத்துக்குள் சொல் தேடினார். லொகேஷன் எடுத்தார், ஃபிக்ஷன் எடுத்தார். ரொமாண்டிக் எடுத்தபோது அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் அதோடு நிற்கவில்லை.

முகாம்காரர்கள் இரண்டு முறை ஃபோன் செய்திருக்கிறார்கள். தெரியாத நம்பர் என்றால் ஏமாற்றுக்காரன் என்று பயந்து எடுக்காத காலம் இது, அக்காவும் எடுக்கவில்லை. மாமா கையிலும் ஃபோன் இருந்தது. கடிதத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தால் அது தமிழிலேயே சொல்லியிருக்கும். அவருக்கு அது தெரியாமல் இல்லை. டிக்சனரி போய் ஃபோனிடம் கேட்பதா என்ற கௌரவம்.

எட்டு மாதம் கழித்து அக்காவுக்கு முதுகு வலி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நோய் எலும்புக்குப் போயிருந்தது. முகாம் பரிசோதனையிலேயே மார்பில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகளைக் கண்டு, சந்தேகம் என்று உடனே வரச் சொல்லியிருக்கிறார்களே, ஏன் வரவில்லை என்று டாக்டர் மலாயில் கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சூராட் தா சம்பை, டாக்டர்.” கடிதம் வந்து சேரவில்லையாம்.

கார் நிறுத்தும் இடத்தில் மாமா எல்லாவற்றையும் என்னிடம் ஒப்புக்கொண்டார். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அக்கா அவரைத் திட்டவே இல்லை. கீமோ ஏற்றும் நாளில் ஒரே ஒரு தடவை சொன்னாள்: “தெரியலன்னு சொல்லியிருந்தா எதிர்வீட்டு தினேஸ்வரி டீச்சர்கிட்ட காட்டியிருப்பேன்லா. அவ்வளவுதானே.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காத, தம்பி. அவரு இங்க தல நிமிந்து நடக்கணும்” என்றாள். சரி என்றேன். சாகப்போகிறவளிடம் வேறென்ன சொல்வது? சித்திரையில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டார்கள். பக்கத்து புளோக் அப்பாவு அண்ணன் கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

“ஜெயபாலா, ஆஸ்பத்திரியிலருந்து வந்திருக்கு. ஸ்கேன் எடுத்தேன்ல. என்ன போட்டிருக்குன்னு பாரு.”

மாமா கையை நீட்டவில்லை. “எனக்கு இங்கிலீஷ் தெரியாதுண்ணே.”

“என்னப்பா சொல்ற?”

“தெரியாதுண்ணே. எப்பவுமே தெரியாது. டீச்சர்கிட்ட குடுங்க.” கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

அப்பாவு அண்ணன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். என்னிடம் வந்து, “பாவம், மனசு ஒடஞ்சு பேசறான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தார்.

அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். “குடுங்கண்ணே, நானே டீச்சர்கிட்ட கொண்டு போறேன்” என்று மட்டும் சொன்னேன்.

“வேணாம்லா. ஜெயபாலன் பாத்து சொன்னாதான் எனக்கு நம்பிக்க. ஒரு மாசம் போவட்டும், அவன் தேறிடுவான்” என்று சொல்லி, கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.