பொன்னம்மைக்குப் போட்ட வாய்ப்பூட்டு

வேளிக்குப் போகிற பஸ்ஸில் பொன்னம்மை ஜன்னலோரமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணக்காட்டில் அவள் தெருக்காரர்கள் இதை நேரில் பார்த்தாலும் நம்பமாட்டார்கள். பெண் கண்டக்டரின் காலில் கட்டு இருந்தது. முன் சீட்டுக்காரர் மடியில் காலிப் பறவைக்கூண்டு ஒன்றை வைத்துக்கொண்டு போனார். பறவை வாங்கப் போகிறாரா, விற்றுவிட்டு வருகிறாரா? வேறொரு நாளாக இருந்தால் சாக்கை ஸ்டாப் தாண்டுவதற்குள் இரண்டு சங்கதியும் அவளுக்கு வெட்டவெளிச்சமாகியிருக்கும். இன்றைக்கு வாய்ப்பூட்டு. பூட்டியது அவள் பெற்ற மகள்தான்.

பூதப்பாண்டியிலிருந்து நயினாருக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது அவளுக்கு மலையாளத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. நயினார் கிழக்கேகோட்டையில் ஒரு மொத்தக்கடையில் கணக்கர். வீட்டில் தேவைக்குமேல் பேசமாட்டார், தேவையும் அவருக்குக் கொஞ்சம்தான். பேச ஆளில்லாமல் பொன்னம்மை தெருவில் இறங்கினாள். வெண்டைக்காய் விலை கேட்கப் போனவள், கல்ஃபிலிருந்து அந்தக் காய்கறிக்கார லீலாபாயின் புருஷன் ஏன் திரும்பி வந்தான் என்பது வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினாள். அப்படிக் கேட்டுக் கேட்டே மலையாளம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. கேட்டதை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் விற்கிற பழக்கம் கிடையாது. தெரிந்தால் போதும், அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊசி போட வந்த நர்ஸ்கூட, ஊசியைக் கையில் பிடித்தபடி தன் மாமியார் கதையைச் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஆனால் இதே குணம்தான் போன சித்திரையில் அஞ்சுவின் கல்யாணப் பேச்சில் மண்ணை அள்ளிப் போட்டது. அஞ்சு ஒரே மகள், கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு, காப்பி குடித்து, தேதி பேசுகிற முகத்தோடு இருந்தார்கள். பொன்னம்மை சும்மா இருந்திருக்கலாம். "உங்க மூத்த மருமகளைக் கூட்டிட்டு வரல்லியா?" என்று கேட்டுவிட்டாள். மூத்த மருமகள் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போய் வருஷம் ஒன்றாகியிருந்தது. பையனின் அம்மா டம்ளரை வைத்த சத்தத்தோடு சம்பந்தம் முடிந்தது. அதன்பிறகு சொந்தத்தில் யார் வாயைத் திறந்தாலும், "அம்மையோட வாய்தான் கெடுத்தது" என்பதே பாட்டு. அஞ்சுவும் முடிவாகச் சொல்லிவிட்டாள். அம்மா இன்னொரு தடவை கேள்வி கேட்டால், இனிமேல் யார் முன்னாலும் போய் உட்காரமாட்டாளாம்.

அதனால்தான் இந்தத் தடவை பெண் பார்க்கிறதை வீட்டில் வைக்காமல் வேளிக் காயல் பூங்காவில் வைத்தார்கள். இப்போது பல வீடுகளில் இது வழக்கமாகிவிட்டது. இரண்டு குடும்பமும் காற்று வாங்க வந்ததுபோல வரவேண்டும், தற்செயலாகப் பக்கத்தில் உட்காரவேண்டும், பொதுவாகப் பேசவேண்டும். பிடித்தால் பிறகு முறையாக ஆள் விடலாம். பிடிக்காவிட்டால் நாங்கள் பார்க்க வந்தது காயலைத்தான் என்று இரு தரப்பும் மானத்தோடு வீடு போய்ச் சேரலாம். பெயர், ஊர், வேலை என்று நேராகக் கேட்பது மட்டும் மரியாதை அல்ல. ஏற்பாடு செய்த நாகர்கோவில் சித்தப்பா அடையாளம் சொல்லியிருந்தார்: குட்டி ரயில் ஓடுகிற இடத்தில் பெஞ்சு, பையனின் அம்மாவுக்குப் பச்சைச் சேலை. பையன் பெயர் செல்வகணேஷ், என்ஜினியர்.

ஞாயிற்றுக்கிழமையானதால் பூங்கா நிரம்பி வழிந்தது. தண்ணீரைச் சுற்றிப் பிள்ளைகள், பலூன், ஐஸ்கிரீம், செல்ஃபி. காயலுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. குட்டி ரயில் கூவிக்கொண்டு போக, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்துப் பெஞ்சில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி கணவனோடு உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நயினார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அருகில் போனார். "இங்க காத்து நல்லா வருது, இல்லியா?"

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. "பின்னே. இருங்க, இருங்க. நான் நீலகண்டபிள்ளை, கரண்டு ஆபீசில இருந்து ரிட்டயர்டு. எங்க மோன் போட் சவாரிக்கு டிக்கெட் எடுக்கப் போயிருக்கான். உங்களுக்கும் சேர்த்துத்தான்."

நம் ஆட்கள்தான். நயினாருக்குச் சந்தேகமே வரவில்லை. பச்சைச் சேலைக்காரி நகர்ந்து அஞ்சுவுக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக வலது கன்னத்தில் விரலை வைத்து, "மோளே, எனக்கு இந்தக் கடவாப்பல்லில ஒரு குத்து. தணுத்த வெள்ளம் குடிச்சா உயிர் போகுது" என்றாள்.

அஞ்சு திகைத்தாள். "டாக்டர்கிட்டக் காட்டணும் ஆன்டி."

"கேட்டியளா, டாக்டர்கிட்டக் காட்டணுமாம்." அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நீலகண்டபிள்ளையும் தலையை ஆட்டி, "நல்ல அடக்கம்" என்றார். பிறகு, "ஞாயிறும் ஜோலி உண்டோ மோளே?" என்று கேட்டார்.

"அவசரமானா உண்டு அங்கிள். நேரங்கெட்ட நேரத்திலயும் கூப்பிடுவாங்க."

"வேதனைன்னா கூப்பிடாம என்ன செய்வாவ, பாவம்" என்றாள் பச்சைச் சேலைக்காரி.

பொன்னம்மைக்கு நெஞ்சுக்குள் எறும்பு ஊர்ந்தது. கம்ப்யூட்டர்காரப் பெண்ணிடம் பல்வலியை ஏன் சொல்லுகிறாள்? டாக்டரிடம் போகச் சொன்னால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? யாருக்கு வேதனை? ஒவ்வொன்றும் உதடு வரைக்கும் வந்தது. ஒவ்வொன்றையும் விழுங்கினாள். சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கி அது கயிறாகியிருந்தது. நயினார் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தப் பார்வையில் மெச்சுதல் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிப் பார்த்து அவளுக்கு நினைவில்லை, அதுவும் வாயை மூடியதற்குக் கிடைத்திருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

டிக்கெட்டோடு பையன் வந்தான். தாடி வைத்திருந்தான், கண்ணாடி இல்லை. போனில் வந்த படத்தில் தாடி இல்லாமல் கண்ணாடி போட்டிருந்தான்.

"எப்பா, இது அந்த ஆளு இல்ல" என்று அஞ்சு அப்பாவின் காதில் சொன்னாள்.

"தாடி வளராதா மோளே? சும்மா இரி."

அந்த நேரம் பார்த்து இன்னொரு குடும்பம் பெஞ்சருகே வந்து நின்றது. அப்பா, அம்மா, மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காயலைப் பார்த்தபடியே, "இங்க நல்ல காத்து, என்ன?" என்றார்.

நீலகண்டபிள்ளை நயினாரைப் பார்த்தார். நயினார் தன் செருப்பைப் பார்த்தார். என்னமோ கோளாறு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கேட்கத்தான் யாருக்கும் நாக்கு எழும்பவில்லை. அத்தனை மரியாதை.

அஞ்சு அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். "எம்மா, நீ கேளு."

"கேக்கலாமா?"

"கேளும்மா. வேற யாரு கேக்கப் போறா?"

பொன்னம்மை மூச்சை இழுத்து விட்டாள். "தப்பா நினைக்காதீங்க. நீங்க யாருக்காக்கும் இங்க காத்துட்டு இருக்கிய?"

"பல் டாக்டர் பிள்ளைக்கு" என்றார் நீலகண்டபிள்ளை, அஞ்சுவைக் காட்டி.

மஞ்சள் சுடிதார்க்காரி கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். "நானாக்கும் பல் டாக்டர்."

பச்சைச் சேலைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தவன் தாடிக்காரப் பையன்தான். பல் டாக்டரும் கூடச் சிரித்துவிட்டாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்த விதத்தைப் பார்த்ததுமே, அந்தச் சம்பந்தம் கூடிவிடும் என்று பொன்னம்மைக்குப் பட்டது. நீலகண்டபிள்ளை கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, இரண்டு போட் டிக்கெட்டை வற்புறுத்தி அஞ்சுவின் கையில் திணித்துவிட்டு, தன் கூட்டத்தோடு நகர்ந்தார்.

நயினார் வேர்க்க விறுவிறுக்கச் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வசவு விழுந்தது. செல்வகணேஷ் வீட்டார் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பெஞ்சில் இருந்திருக்கிறார்கள். அந்த அம்மாளுக்கும் பச்சைச் சேலைதான். பெண் வீட்டார் வேறொரு பையன் குடும்பத்தோடு சிரித்துப் பேசுவதைக் கண்ணால் பார்த்து, ஒரே சாயங்காலத்தில் இரண்டு மாப்பிள்ளையா என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்களாம். இன்னும் தூரம் போயிருக்கமாட்டார்கள், பேசிப் பார்க்கிறேன், அங்கேயே நில்லுங்கள் என்று சித்தப்பா போனை வைத்தார்.

நயினார் மனைவி பக்கம் திரும்பினார். "வந்ததும் நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பாடு உண்டா பிள்ளே?"

பொன்னம்மைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம். அஞ்சு அதைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்துப் படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அது காலால் மிதித்து ஓட்டுகிற போட். பொன்னம்மை சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஆரம்பத்தில் இருவரும் ஒத்து மிதிக்காமல் போட் வட்டமடித்தது. பிறகு கரை மெல்ல விலகியது. பலூன்காரனின் சத்தம் தேய்ந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அஞ்சு கண்ணை மூடி, முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து முகத்தில் இருந்த இறுக்கம் போயிருந்தது. சம்பந்தம் கைநழுவிப் போகிற நேரத்தில் இவள் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள்? இந்தத் தடவை பொன்னம்மை விழுங்கவில்லை.

"மக்ளே, உனக்குக் கல்யாணம் வேணுமா?"

அஞ்சுவின் கால் நின்றது. போட் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. அஞ்சு சிரிக்கப் போனாள், சிரிப்பு வரவில்லை.

"பஸ் கண்டக்டர்கிட்டக் கேட்டிருக்க. ஊசி போட வந்த சேச்சிகிட்டக் கேட்டிருக்க. எங்கிட்ட இதை நீ கேட்டதே இல்லம்மா."

பொன்னம்மை யோசித்துப் பார்த்தாள். எந்த நிறச் சேலை, எந்த நகை, பெங்களூர் மாப்பிள்ளையா உள்ளூர் மாப்பிள்ளையா, எல்லாம் கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைதானே, தெரியாதா என்று இருந்துவிட்டாள். நகரத்தில் பாதிப் பேரின் மனசைக் கேட்டுத் தெரிந்துகொண்டவளுக்கு வெட்கமாகவும் வலியாகவும் இருந்தது.

"இப்போ கேட்டாச்சு. சொல்லு."

அஞ்சு தண்ணீரையே பார்த்தாள். "தெரியல்லம்மா. சத்தியமா தெரியல்ல. ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து உட்காருதாவ. யோசிக்கிறதுக்குள்ள அடுத்த ஆளு. யாரையாவது பிடிச்சிருக்கான்னு கேக்காதே, அப்படி ஒண்ணும் இல்ல. வேண்டாம்னும் இல்ல. கொஞ்ச நாள் யாரும் என்னைப் பாக்க வராம இருந்தாப் போதும்."

பொன்னம்மை வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பதிலுக்குப் பின்னால் அடுத்த கேள்வி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

கரையிலிருந்து நயினார் போனை உயர்த்திக் காட்டிக் கத்தினார். "பிள்ளே, அவிய கோபம் தணிஞ்சாச்சு. வாசல்ல டீக்கடையில நிக்குதாவ. கூப்பிட்டா இப்பவே வருவாவ. சட்டுனு வாங்க."

அஞ்சு அம்மாவைப் பார்த்தாள். காலை மிதியில் வைக்கவில்லை.

பொன்னம்மை போட்டில் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"வரவேண்டாம்னு சொல்லுங்க."

"என்ன?"

"வேண்டாம்னு சொல்லுங்க."

படகுத்துறையில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நயினார் போனின் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீரின் ஓரம்வரை வந்துவிட்டார். "ஏன்னு கேட்டா நான் சித்தப்பாகிட்ட என்னத்தச் சொல்ல?"

"பொன்னம்மை வாயை விட்டுக் கெடுத்துட்டான்னு சொல்லுங்க" என்றாள் அவள். "யாரும் மறுகேள்வி கேக்கமாட்டாவ."