ஒரு விசிலுக்கு அடங்கிய ஆலை

யுத்த காலத்தில் தேனியில், பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஆலையொன்றில் நான் கிளார்க்காக இருந்தேன். புதிதாக வந்த மேனேஜர் தொப்பையை பெல்ட்டால் இறுக்கி, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருப்பார். ஆட்களைக் கட்டி மேய்ப்பது எப்படி என்று ஏதோ இங்கிலீஷ் புத்தகம் படித்துத் தொலைத்திருந்தார்.

"தலைவன்னா ஒரு சத்தத்துக்கு எல்லாரும் அடங்கணும்" என்பார். விசில் கேட்டதும் எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டு முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அசைந்தால் மறுநாள் வேலை கிடையாது. தினமும் இந்தக் கூத்து நடக்கும்.

ஒருநாள் மத்தியானம் பருத்திக் குவியலில் தீப்பிடித்தது. பெண்கள் தண்ணீர்க் குடங்களோடு ஓடினார்கள். பதறிப்போன மேனேஜர் விசிலை ஊதினார். குடங்களை அப்படியே வைத்துவிட்டு அத்தனை பேரும் முற்றத்தில் வரிசைகட்டினார்கள்.

"ஆத்தாடி, பருத்தி பூராம் எரியுதுய்யா! தண்ணி ஊத்தட்டுமா?" என்று வரிசையில் நின்றபடியே ஒருத்தி கேட்டாள்.

"பேசாம நில்லு!"

உள்ளே கூரை சரிந்து விழுந்தது. அவர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீராய்யா, ஒருத்தியாச்சும் அசையுறாளா?"

அந்தக் குரலில் கொஞ்சமாவது நடுக்கம் இருந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை, பெருமைதான் இருந்தது.