உஷ் மாமாவும் சத்தம் போடாத பெட்டியும்

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லாரும் உஷ் மாமா என்றுதான் சொல்வார்கள். மாடிப்படியில் யாராவது தடதடவென்று ஓடினால் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து, "உஷ்..." என்பார். அதட்டலாக இருக்காது, கெஞ்சுவதுபோல இருக்கும்.

ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் ஜெனரேட்டர்களையும் ஏ.சி. இயந்திரங்களையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அங்கே பேச்சுக்கு இடமில்லை, எல்லாம் கைஜாடைதான். பக்கத்தில் நிற்பவரிடம் டீ வேண்டுமா என்று கேட்கக்கூடக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பகலெல்லாம் அப்படி இருந்துவிட்டு வருகிற மனிதருக்கு, வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் தூக்கிவாரிப் போடும்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கடல் படங்கள். ஆழ்கடலுக்குள் போய் எடுத்தவை. யாரும் அதிகம் பேசமாட்டார்கள். தண்ணீர் இருக்கும், மீன் இருக்கும், அவ்வளவுதான். அப்படி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டு, ஹாலில் இருக்கும் டிவியோடு இணைத்து, சோபாவில் சாய்ந்தபடி பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். திமிங்கிலம் வாயைத் திறப்பதற்குள் அதன் ஃபேன் மாவு மெஷின் மாதிரி இரைய ஆரம்பித்துவிட்டது.

"இதுக்கு நான் வேலைக்கே போயிடலாம்" என்றார் மனைவியிடம்.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவர். எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் அவருக்கு. "சத்தம் வராததா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க நிறைய இருந்தது. முதலில் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். கேமரா ரிப்பேர் செய்கிறவன். மற்ற எல்லா விஷயத்துக்கும் யோசனை சொல்கிறவன்.

"அத்தான், பெரிய ஃபேன் போட்டதா பாத்து வாங்குங்க. சின்ன ஃபேன்தான் கத்தும்."

"பெருசுதானே மச்சான் அதிகமா கத்தும்? எங்க பெரிய ஜெனரேட்டரை வந்து பாரு."

"அது வேற கதை. பெருசு மெதுவா சுத்தினாலே தேவையான காத்து வந்துடும். சின்னது அதே காத்தைத் தள்ளணும்னா தலைதெறிக்க ஓடணும்ல?"

கேட்கும்போது புரிந்தது. கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் புரியாமல் போய்விட்டது.

கம்ப்யூட்டர் கடையை நடத்தியவர் ஒரு பெண்மணி. நல்ல பொறுமைசாலி. "படம் மட்டும்தானே சார் பாப்பீங்க? அப்ப ஃபேனே வேண்டாம். கரண்ட் கம்மியா இழுக்கிற பிராசஸர் போட்ட குட்டிப் பெட்டி இருக்கு. வெளிப்பக்கம் இருக்கிற உலோகமே சூட்டை வாங்கி விட்டுடும்."

"ஃபேன் இல்லேன்னா சூடு ஏறாதா?"

"ஏறும். தொட்டா சுடும். ஆனா ஒண்ணும் ஆகாது."

சூடு ஏறும், ஆனால் ஒன்றும் ஆகாது என்று அவர் தொழிலில் யாரும் சொன்னது கிடையாது. சொல்கிற ஆளை ஜெனரேட்டர் பக்கமே விடமாட்டார்கள். அவர் பெரியதையும் பார்த்தார், ஃபேனே இல்லாததையும் பார்த்தார். கடைசியில் இரண்டுக்கும் பயந்து, ஒரே ஒரு ஃபேன் வைத்த நடுத்தரப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார்.

படம் போட்டார். கடல் வந்தது. கூடவே அதுவும் வந்தது. மெல்லிசாக, போகவும் மனமில்லாமல் கடிக்கவும் மனமில்லாமல் காதோரம் நிற்கிற கொசுவைப்போல ஒரு "ஙொய்ய்ங்."

மச்சானை வரவழைத்தார். அவன் பெட்டியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடினான். "ஆமா அத்தான். லேசா இருக்கு. ஹார்ட் டிஸ்க்கா இருக்கும். உள்ள தட்டு சுத்துதுல்ல?"

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. மாட்டினார்கள். ஙொய்ய்ங் போகவில்லை. ஃபேனாக இருக்கும் என்று பெரிய ஃபேனாக மாற்றினார்கள். போகவில்லை. பெட்டி அதிர்ந்து மேசையும் சேர்ந்து பாடுகிறது என்று அடியில் ரப்பர் வைத்தார்கள். பவர் அடாப்டரை நீள வயர் போட்டு பால்கனிக்கே நாடு கடத்தினார்கள். அது போனது, சத்தம் மட்டும் சோபாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்க" என்றார் மனைவி.

"நான் சொல்றது உனக்கு என்னைக்குக் கேட்டிருக்கு?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு வீட்டில் இரண்டு நாள் உண்மையாகவே அமைதி நிலவியது.

கடைசியில் அந்த ஃபேன் இல்லாத குட்டிப் பெட்டியையே வாங்கினார். மறுவாரமே கடைக்காரப் பெண்மணியை வீட்டுக்குக் கூட்டிவந்து நிறுத்தினார். அவர் பெட்டியை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், காதருகே தூக்கிப் பிடித்தார்.

"சார், இதுக்குள்ள அசையிற பொருள்னு ஒண்ணுமே கிடையாது. எது சார் சத்தம் போடும்?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்."

"சில சமயம் உள்ள இருக்கிற காயில், அதான் கம்பிச்சுருள், லேசா கீச்சுனு கத்தும். ஆனா இது..." அவருக்கும் இப்போது குழப்பம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கடைக்குக் கொண்டுவாங்க. பிரிச்சுப் பாத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடைக்குக் கிளம்ப வேண்டும். மனைவி பின்னால் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார். எப்போதும்போல அது ஆரம்பித்தது.

"அந்தப் பெட்டிய கொஞ்சம் நிறுத்தேன். காலையிலேயே உயிரை வாங்குது" என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

உருட்டல் நின்றது. திரும்பிப் பார்த்தார். பழைய துண்டில் சுற்றிய பெட்டியை ஒரு கையிலும், வயரை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தார்.

"எதைங்க நிறுத்தணும்?" என்று கேட்டார், ரொம்ப மெதுவாக.

காது டாக்டரின் ஆஸ்பத்திரியில் அலமாரி அளவுக்கு ஒரு சின்ன அறை இருந்தது. சுவரெல்லாம் மெத்தை. உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் பரிசோதிக்கிற பெண். "பீப் சத்தம் கேட்டா அமுக்குங்க."

கதவு மூடியது. இவ்வளவு அமைதியான இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. இங்கே ஒரு டிவி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அடுத்த நொடி ஙொய்ய்ங் என்று கிளம்பியது, வீட்டில் கேட்டதைவிடப் பெரிதாக. இதுதான் பீப்போ? அமுக்கினார். கொஞ்சம் பொறுத்தார். மறுபடி அமுக்கினார். அது நிற்காததால் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. "சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் விளக்கமாகச் சொன்னார். "ரொம்ப வருஷமா மெஷின் பக்கத்துலேயே இருந்திருக்கீங்க. காது கொஞ்சம் அடிபட்டிருக்கு. இந்தச் சத்தம் வெளியில இருந்து வரல."

"எப்ப டாக்டர் நிக்கும்?"

"நிக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. போகப்போக அதைக் கண்டுக்காம இருக்கப் பழகிடுவீங்க. ஒரு சத்தமும் இல்லாத இடத்துல உக்காந்தாதான் அது பெருசா தெரியும். பக்கத்துல லேசா ஏதாவது ஓடிக்கிட்டு இருக்கட்டும். வேலைக்குப் போனா காதைக் கண்டிப்பா மூடிக்கணும்."

பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒருமுறை மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப நம்ம வீடு சத்தமில்லாமத்தான் இருந்துச்சா?"

"எங்களுக்கு இருந்துச்சுங்க" என்றார் மனைவி.

மறுநாளே ஓட்டலில் கேட்டு, காதை மூடும் கவசம் வாங்கி மாட்டிக்கொண்டார். கூட வேலை செய்கிறவர்களையும் போடச் சொல்லி நச்சரித்தார். ஆனால் கம்ப்யூட்டர் விஷயம் அப்படியே நின்றது. என்ன கேட்டு வாங்குவது என்று இப்போது அவருக்கு அறவே தெரியவில்லை.

அவர், மனைவி, மச்சான் என்று மூவருமாகக் கடைக்குப் போனார்கள். "சத்தம் வர்ற மாதிரி ஒண்ணு காட்டுங்க. ரொம்ப வேண்டாம். லேசா" என்றார்.

கடைக்காரப் பெண்மணி ஃபேன்களை எடுத்துவந்து வரிசையாக மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டார். ஒன்று உறுமியது. ஒன்று கிசுகிசுத்தது. அவர் குனிந்து குனிந்து கேட்டார். எது ஃபேன், எது தன் காது என்று பிரிக்க முடியவில்லை.

"மச்சான், நீ சொல்லு. அன்னைக்கு உனக்குத்தானே சரியா கேட்டுச்சு."

மச்சான் தரையைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணுமே கேக்கல அத்தான்."

"அப்புறம் ஏன்டா இருக்குன்னு சொன்ன?"

"நீங்க தனியா கேட்டுக்கிட்டு இருந்தீங்க. பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

அவனைத் திட்டுவதா, தோளில் கைபோடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் மனைவி ஒரு ஃபேனருகே குனிந்து நின்றுவிட்டார்.

"இது நல்லா இருக்கு. இதையே போடச் சொல்லுங்க" என்றார். "தினமும் நானும்தானே கேக்கப்போறேன்?"

அவர் தலையை ஆட்டினார்.