டைனமோவில் கேட்ட பாட்டு

சுவிஸில், லோசான் நகரத்து மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை எனக்கு. ஆண்டுக்கொரு முறை எங்கள் பகுதிகளுக்கிடையே ஆங்கிலப் பாட்டுப் போட்டி நடக்கும். பாட்டின் தொடக்கத்தை ஒலிக்கவிடுவார்கள். முதலில் பெயரைச் சொல்பவருக்குப் புள்ளி. அறுபதுகள் தொடங்கி இன்றுவரை, பத்தாண்டுக்கு ஒரு சுற்று. எப்போதும் நாங்கள்தான் கடைசி. கணக்குப் பகுதிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு எனக்கு அடியோடு பிடிக்காது. இந்த முறை அவர்களை ஒரு கை பார்த்துவிடுவதென்று இருந்தேன்.

என்னோடு சேர்ந்தவள் ஒரு போர்த்துக்கல்காரி. அறுபதுகளின் கித்தார், எழுபதுகளின் டிஸ்கோ எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தொண்ணூறுகளிலிருந்து என் பொறுப்பு. பாடுகிறவர் அரைத் தூக்கத்தில் முணுமுணுக்கும் இன்றைய பாட்டுக்கூட, மகனின் புண்ணியத்தில் எனக்குத் தெரியும்.

எண்பதுகளும் என்னுடையவை என்று பெருமையடித்திருந்தேன். அந்தச் சுற்றில் வாயே திறக்கவில்லை. விடையைச் சொன்ன பிறகுதான், அட, இது எங்கள் வீட்டுக் கசெட்டில் இருந்த பாட்டல்லவா என்று விளங்கியது. வெட்கமாகப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் மின்சாரம் இல்லை. அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிப்பார். அதன் டைனமோவில்தான் எங்கள் கசெட் ரெக்கோடர் ஓடும். அவரோ மகா சோம்பேறி, மெதுவாகத்தான் மிதிப்பார். பாடகிகள் எல்லாரும் ஆண்குரலில் இழுத்து இழுத்துப் பாடுவார்கள். அந்தப் பாட்டுகளின் உண்மையான வேகத்தை நான் கேட்டதே இல்லை.

கடைசியில் எப்படியோ கணக்குப் பகுதியோடு சமநிலைக்கு வந்துவிட்டோம். முடிவுக்கு இன்னும் ஒரே பாட்டு. எவரும் இலகுவில் கண்டுபிடிக்கக் கூடாதென்று அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டார்கள். மற்றவர்கள் முழித்தார்கள். எனக்கோ இரண்டாவது அடி விழுவதற்குள் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அண்ணை, மிதியுங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். அதன் பிறகுதான் பாட்டின் பெயரைச் சொன்னேன். போர்த்துக்கல்காரி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இதே நாட்டில், ஓர்லிகோனில் இருக்கும் அண்ணனுக்கு உடனே போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு முட்டச் சிரித்தார்.

"நான் ஆறுதலா, மெள்ள மெள்ள மிதிச்சபடியாத்தான் நீ வெண்டனி, விளங்குதோ?"

இத்தனை வருடமும் அவரைச் சோம்பேறி என்று திட்டி வந்தவள் நான். அன்றைக்குத்தான் முதல்முறையாக, "ஓம் அண்ணை" என்றேன்.