ஒரே ஒரு ஸ்கேனில் இருந்த சுரங்கம்

நான் போட்ட வான மேப்பை வெளிநாட்டுக் குழுக்களுக்குக் காட்டும் கூட்டத்துக்கு ஒரு நாள் இருக்கும்போதுதான் அது தவறு என்று தெரிந்தது. அதற்குள் அப்பா தாராவியில் எங்கள் சர்ச்சில் என் பெயரைக் கொடுத்துவிட்டிருந்தார். நல்லது நடந்தால் சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். என் முறை அந்த ஞாயிறு.

சூரியனைச் சுற்றிச் சில நூறு ஒளியாண்டு தூரத்துக்கு மிக மெல்லிய வாயு பத்து லட்சம் டிகிரி சூட்டில் பரவியிருக்கிறது. அது விடும் எக்ஸ்ரேயை ஒரு விண்வெளித் தொலைநோக்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வானம் முழுக்க ஸ்கேன் செய்து பிடித்தது. அந்த டேட்டாவை மேப்பாக்குவது என் வேலை. ஒரு ஸ்கேனை மட்டும் போட்டால் வெறும் புள்ளிகளாகத் தெரியும். அதனால் கையிலிருந்த நான்கு ஸ்கேனையும் கூட்டினேன். ஒரு மூலையில், இரண்டு சூடான பகுதிகளை இணைக்கும் சுரங்கம் போல ஒரு பட்டை தெரிந்தது. அதுவரை யாரும் சொல்லாத சுரங்கம்.

“வானத்துல எம் மவ வழி கண்டுபிடிச்சிருக்கா” என்று அப்பா தன் லெதர் பட்டறை முழுக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவரை நான் தடுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

எங்கள் குழுத் தலைவி வசுமதி மேடம் தாராவிக்குப் பக்கத்து மாட்டுங்காக்காரர்; அவரும் தமிழ்தான். மேப்பைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“நாலையும் தனித்தனியா போட்டுப் பாத்தியாம்மா?”

“தனியா போட்டா நாய்ஸ்தான் தெரியும் மேடம்.”

“தெரியட்டுமே. இவ்வளவு அழகா வந்தா எனக்கு பயமா இருக்கு.”

போட்டேன். மூன்று ஸ்கேனில் சுரங்கத்தின் சாயல்கூட இல்லை. கடைசி ஸ்கேனில் மட்டும் பளிச்சென்று இருந்தது. அத்தனை பெரிய வாயுச் சுரங்கம் ஆறு மாதத்தில் முளைக்காது. சூரியனிலிருந்து வீசும் துகள்கள், கோள்களுக்கிடையே மிதக்கும் அணுக்களோடு மோதினாலும் இதே எக்ஸ்ரே வரும். கடைசி ஸ்கேன் எடுத்த மாதங்களில் அந்த வீச்சு கூடியிருந்தது. பக்கத்து வெளிச்சத்தை நான் தூரத்து வெளிச்சமாக வாசித்திருந்தேன்.

பேசாமல் இருந்தால் ஒரு வருடமாவது யாருக்கும் தெரியாது. அந்த எண்ணமும் வந்தது. மறைக்க விரும்பவில்லை.

வீட்டில் சொன்னதும் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அப்ப ஞாயித்துக்கெழம என்னத்தச் சொல்லுவ?”

“இதத்தான்ப்பா.”

“ஒண்ணும் கெடைக்கலன்னா?”

“வேற எவளாவது வந்து இவ தப்புன்னு சொல்றதுக்கு, இவளே சொல்லட்டும்” என்றாள் அம்மா. “நீங்க சோத்தத் தின்னுங்க.”

மறுநாள் கூட்டத்தில் நான்கு மேப்பையும் வரிசையாகக் காட்டி, சுரங்கம் இல்லை என்றேன். ஞாயிறன்று சபையிலும் அதையே சொன்னேன். பிறகு பின்வரிசையில் ஓர் அக்கா கேட்டார்: “அப்ப மத்த மூணு படமும் சரிதானம்மா?”

“சரிதான்க்கா.”

இப்போது குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். மேப் அழகாக வந்தால் இரண்டு முறை பாருங்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் பட்டறையைக் கடந்தேன். உள்ளே அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “அங்க வழி இல்லங்கதையும் எம் மவதான் கண்டுபிடிச்சா.”