செக்காலை ரோட்டைத் திரும்பிப் பார்க்கவைத்த சத்தம்

காய்ந்த பனையோலையின் விளிம்பை நகத்தால் ஓயாமல் கீறினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். சைக்கிள் பெடல் ஒரு சுற்று வரும்போது ஒருமுறை ஓங்கியும் ஒருமுறை தணிந்தும், என் அக்கா செல்வி தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே, வீட்டுக்குள் இருக்கும் எங்களுக்கு அவள் வருவதைச் சொல்லிவிடும். அந்தச் சத்தம் ஒரு மாதம் இருந்தது என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறார். அப்போதே நாள்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இருந்ததால் சொல்கிறேன்: விஜயதசமி வியாழக்கிழமை காலையில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலையில் நின்றது. நான்கே நாள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அக்கா கல்லூரியில் முதலாண்டு.

வண்டி, சிங்கப்பூரில் வேலைபார்த்த எங்கள் தாய்மாமன் சில வருடம் ஓட்டிவிட்டு, புதிது வாங்கியதும் அக்காவுக்கென்று அனுப்பிவைத்த ரேஸ் சைக்கிள். வளைந்து கீழே இறங்கும் கைப்பிடியைப் பார்த்துத் தெருவில் அதற்குக் 'கெடாக்கொம்பு வண்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்குச் செயினைத் தள்ளிவிட ஒரு தகட்டுக் கூண்டு உண்டு. அதன் நடுவேதான் செயின் ஓடும். டீரெய்லர் என்று மாமா சொல்லிக்கொடுத்த பெயர் எங்கள் நாக்கில் நிற்காததால், நாங்கள் அதைத் 'தள்ளி' என்றே சொல்லிவந்தோம்.

புதன்கிழமை ஆயுத பூசை. வண்டியைக் கழுவித் துடைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லாம் பளபளக்க, தள்ளி மட்டும் கறுத்துக் கிடந்தது பொறுக்கவில்லை. கேபிளை அவிழ்த்து, சட்டத்தோடு அதைப் பிடித்திருந்த பட்டையைத் தளர்த்தி, கூண்டின் வால் பக்கத்துத் திருகைக் கழற்றியதும், செயினை அறுக்காமலே அது கையோடு வந்துவிட்டது. குத்துவிளக்குக்குக் கரைத்துவைத்திருந்த புளியை எடுத்து நன்றாகத் தேய்த்தேன். திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "ஸ்பேனரையெல்லாம் கொண்டாந்து குடுடி, பலகையில வைக்கணும், நல்ல நேரம் போகுது!"

பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. அரிவாள்மனையும் பூசைக்குப் போய்விடும் என்று ராத்திரிக் குழம்புக்குக் காயை மத்தியானமே நறுக்கி வைத்துவிடுகிற வீடு அது. எனவே தள்ளியைக் கண்மதிப்பாக வைத்து, பலங்கொண்ட மட்டும் இறுக்கி, ஸ்பேனரைத் துடைத்துக் கொடுத்துவிட்டேன். தள்ளிக்கும் ஒரு சந்தனப் பொட்டு, குங்குமம்.

மறுநாள் காலை அக்கா ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. டீக்கடையிலிருந்து ஒருவர், "என்னத்தா, நெல்லு அரைக்கப் போறியா?" என்றாராம். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை: "புதுவயல்ல மில்லு பத்தலைன்னு இங்குட்டும் ஒன்னு தொறந்துட்டாகப்பா!"

அப்பா புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் மேலாளர். நாளெல்லாம் இரைச்சலுக்குள் இருந்துவிட்டு வருகிறவர் என்பதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "முன்னயே தெரு பூராம் உன்னையத்தான் பார்க்குது. இப்பக் கொட்டடிச்சுக்கிட்டு வேற போகணுமா? திங்கக்கெழம காலேசுக்குக் கெளம்பையில சத்தம் வரப்படாது. வந்துச்சு, வண்டி மதுரைக்கு, பெரியம்மா மகனுக்குப் போயிரும். நீ பஸ்ஸுல போ."

"பார்க்குறவுகளச் சொல்லாம என்னையச் சொன்னா எப்படிப்பா?" என்றாள் அக்கா. அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பஸ் என்றால் நாலரை மணிக்கு வீடு, நடுவில் எங்கும் இறங்க முடியாது. சைக்கிள் என்றால் கோவிலூர்வரை ஒரு சுற்று, நினைத்த மரத்தடியில் ஒரு நிறுத்தம், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத முக்கால் மணி நேரம். அவள் இழக்கவிருந்தது அதுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும், தள்ளியைக் கழற்றி மாட்டியது நான்தான் என்பதை மறைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, ஆலையில் ஃபிட்டராக இருந்த சவரிமுத்து அண்ணன் வந்தார். ஆலையில் சத்தம் என்றால் பெல்ட் தொய்ந்திருக்கிறது என்று பொருள், இறுக்கினால் தீர்ந்துபோகும். "தொய்வுதான் ஆத்தா, வேற ஒன்னுமில்ல" என்று கேபிளைக் குறட்டால் இழுத்து இறுக்கினார். தள்ளி அதற்குமேல் நகராமல் ஒரு சின்னத் திருகு தடுத்ததும் அதையும் தளர்த்திவிட்டார். "அண்ணே, அதையும் எதுக்கு அவுக்குறீக?" என்று அக்கா கேட்டதற்கு, "நல்லது செய்ய வர்றப்ப குறுக்க நின்னா?" என்றார். வாசலில் ஓட்டிப் பார்த்தபோது சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

சனிக்கிழமை காலை செக்காலை ரோட்டில், ஆட்டோக்களுக்கு நடுவே அக்கா பெரிய சக்கரத்துக்கு மாற்றியபோது, தள்ளி எல்லை தாண்டித் தள்ளியதில் செயின் வெளிப்பக்கமாக எகிறி விழுந்து பெடல் தண்டில் சிக்கிக்கொண்டது. கடை வாசல்களில் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்க்க, கையெல்லாம் கிரீஸாக வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். சுவரில் சாய்த்துவிட்டு, "மதுரைக்கே போகட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், சாதாரணமாகச் சொன்னாள்.

"புளி போட்டுத் தேய்ச்சது நாந்தான். கழட்டி மாட்டுனதும் நாந்தான்" என்றேன்.

என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, அது என்ன கொழம்பா, புளியக் கரைச்சு ஊத்துறதுக்கு? தாளிச்சும் விட்டிருக்க வேண்டியதுதான?" தலையில் ஒரு குட்டும் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது: "முன்ன அது எங்குன இருந்துச்சு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வண்டிக்குத் தெரிந்திருந்தது. சிங்கப்பூர் வெயிலில் சட்டத்தின் சிவப்பு வெளுத்துப்போயிருக்க, பட்டை இத்தனை காலம் மூடியிருந்த இடம் மட்டும் வளையல் போட்ட தடம்போல அடர்சிவப்பாக இருந்தது. நான் பட்டையை அந்தத் தடத்திலிருந்து ஒரு நெல்மணி நீளம் மேலே ஏற்றி, கூண்டையும் கோணலாக மாட்டியிருந்தேன்; அதில்தான் செயின் உரசிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அதன் கொக்கியில் கயிறு கட்டி வண்டியைத் தொங்கவிட்டோம். முதலில் சவரிமுத்து அண்ணன் இறுக்கிய கேபிளை அவிழ்த்தோம். பட்டையைப் பழைய தடத்தில் உட்காரவைத்து, பெரிய சக்கரத்தின் பல்லுக்கும் கூண்டுக்கும் நடுவே தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகி இடைவெளி பார்த்து, கூண்டின் தகடு சக்கரத்துக்கு இணையாக நிற்கும்படி திருப்பி இறுக்கினோம். பிறகு திருகுகள். உள்பக்க எல்லைக்கு ஒன்று, வெளிப்பக்க எல்லைக்கு ஒன்று. அக்கா பெடலைக் கையால் சுற்ற, நான் திருகைக் கால் சுற்று திருப்பி, குறிப்பேட்டில் எழுதி, மறுபடி கேட்டு, கூடிப்போனால் அதே கால் சுற்று பின்னால் திருப்புவேன். எழுதாமல் எதையும் திருப்பக்கூடாது என்று அக்கா சட்டம் போட்டிருந்தாள். என் கண்மதிப்பின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. உள்திருகு முடிந்ததும் கேபிளை அளவாக இழுத்துக் கட்டினோம். வெளித்திருகில் பதினோராவது குறிப்பு எழுதியபோது வீட்டில் செயின் ஓடும் மெல்லிய சலசலப்பு மட்டும் இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, நிறுத்திட்டீகளா?" என்றார். சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

முன்னால் சின்னதும் பின்னால் ஆகச் சின்னதும் சேர்ந்தால் மட்டும் செயின் குறுக்காக ஓடிக் கூண்டை லேசாக உரசியது. எத்தனை திருப்பியும் போகவில்லை. "அந்த ரெண்டையும் சோடி சேக்காம இருந்தாப் போச்சு. ஒத்துவராத சம்பந்தம்" என்று அக்கா முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, அப்பா தன் வண்டியைத் துடைக்கிற பாவனையில் வாசலில் நின்றார். அக்கா ஏறி மிதித்தாள். பெரிய சக்கரத்துக்கு மாற்றியபோது 'டக்' என்று ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான். அவள் தெருமுனைக்குப் போகும்வரை துணியைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று பதறிப்போய்ச் சத்தம் போட்டார்: "ஏத்தா, பெல்லடிச்சுக்கிட்டுப் போ! ஆளு வாரதே தெரியல!"

வண்டி மதுரைக்குப் போகவில்லை. மூன்று வருடமும் அக்கா அதில்தான் கல்லூரிக்குப் போனாள்.

மறைந்துபோனவற்றைக் குறித்துவைப்பது என் குணம் என்பதால், போன ஆவணியில் ஊருக்குப் போனபோது பார்த்ததை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுவயல் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வளைந்த கைப்பிடி வைத்த கியர் சைக்கிள்களில் ஐந்து பெண்கள், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு, வரிசையாகக் கடந்து போனார்கள். ஒரு வண்டியில் தள்ளி நன்றாகவே உரசிக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கிளாஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெஞ்சில் இருந்த நான்கு பேரும் மழையைப் பற்றிய பேச்சை நிறுத்தவில்லை. அந்தப் பெண்கள் சாலை வளைவில் மறையும்வரை தலையைத் திருப்பிப் பார்த்தது நான் ஒருத்திதான்.