புளி போட்டு விளக்கிய விமானங்கள்

பூஜை விடுமுறை என்றால் கொடைக்கானலில் ஓட்டல்காரர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. நான் ஒரு ஓட்டலின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். வெந்நீர் வரவில்லை, ரூமில் ஏரி தெரியவில்லை என்று காலையிலிருந்து ஊர்ப்பட்ட பேரிடம் பேச்சு வாங்கிவிட்டு, மத்தியானம் அனுமதி கேட்டு வீட்டுக்கு வந்தேன். ஆயுத பூஜை. என் கணவர் ஜீப் ஓட்டுகிறவர். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஜீப்புக்கு இருக்கிற மரியாதை வேறு யாருக்கும் கிடையாது.

ஜீப்பைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. பக்கத்து பெஞ்சில் ஸ்பேனர்கள், ஜாக்கி. பள்ளங்கி கிராமத்தில் பூண்டு பயிரிடும் என் மாமியார் முந்தின நாளே வந்திருந்தார். அவர் கொண்டுவந்த மண்வெட்டியும் இருந்தது. அதற்கு அடுத்தாற்போல், சந்தனமும் குங்குமமும் வைத்த என் விமானங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானங்களின் சின்ன மாடல்கள் அவை. பிளாஸ்டிக் இல்லை, உலோகத்தில் வார்த்தவை. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். என் சம்பளத்தில் ஒவ்வொன்றாக வாங்கியவை. இதெல்லாம் ஏன் பிடிக்கிறது என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. சீட்டாடுகிற ஆம்பளையிடம் யாராவது அப்படிக் கேட்கிறார்களா? வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டு "சூப்பர் கலெக்‌ஷன் சார்" என்பார்கள், என் கணவரிடம். அவரும் கூசாமல் "ஆமாங்க" என்பார். ஸ்பிட்ஃபயர் எது, ஹரிகேன் எது என்று தெரியாத மனுஷன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருப்பேன்.

அவற்றில் ஒரு ஹரிகேன் எனக்கு உயிர். பர்மாச் சண்டையில் நம் ஆட்கள் ஓட்டிய வகை. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பெயின்ட், இறக்கையில் நீல வட்டம். மலை ஈரத்தில் உலோகம் பூத்துவிடுமே என்று மென்துணியால் ஒற்றி ஒற்றித் துடைப்பேன்.

அந்த ஹரிகேன் இப்போது பெஞ்சின் மேல் வெறும் உலோகமாக நின்றது. பச்சை இல்லை, பழுப்பு இல்லை, வட்டம் இல்லை. புரொப்பல்லரில் ஓர் இதழைக் காணோம். இடுக்கில் புளித் திப்பி. மற்றவற்றுக்கும் இதே கதிதான்.

"யாரு அத்தை இதைத் தொட்டது?"

"நாந்தேன். பச்சப்பச்சயா களிம்பு ஏறிக் கெடந்துச்சு. பூசைக்கு வைக்கிறத அப்படியேவா வைக்கிறது? வெள்ளனே எந்திரிச்சு புளி போட்டு, கம்பி நாரு வச்சு விளக்குனேன். அம்புட்டு லேசுல போகல."

"அது களிம்பு இல்ல அத்தை, பெயின்ட்டு. மேலருந்து எதிரி பாத்தா காடு மாதிரி தெரியணும்னு அடிக்கிறது. என்னயக் கேக்காம எதுக்குத் தொட்டீங்க?"

இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. கத்தினேன். எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன். என் கணவர் சிரித்தார்.

"பொம்மைக்குப் போயி இந்தக் கத்து கத்துற. வெரசா வா, எனக்கு வத்தலக்குண்டு சவாரி இருக்கு."

அவர் ஜீப்பில் ஆணியால் யாரோ ஒரு கோடு கிழித்தபோது இந்த வீட்டில் ஒரு வாரம் யாரும் வாய் திறக்க முடியவில்லை. என்னுடையது மட்டும் பொம்மை.

மாமியார் முகம் சுண்டிப்போயிருந்தது. "என்னய எதுக்குத்தா வையிற? எல்லாரு சாமானையும் வச்சாச்சு. அவளுக்கு என்னடா வைக்கன்னு இவங்கிட்டதான் கேட்டேன். கரண்டிய எடுத்து வைம்மான்னான். அந்தா கெடக்கு பாரு."

பெஞ்சின் கோடியில் என் சாம்பார்க் கரண்டி. அதற்கும் ஒரு பொட்டு.

"எனக்கு மனசு ஒப்பல. கரண்டி எல்லார் வீட்லயும்தான் கெடக்கு. நீ பொத்திப் பொத்தி வைக்கிறது இதத்தான? அதான் எடுத்தாந்து வச்சேன்."

இத்தனை வருஷத்தில் அந்த விமானங்கள் என்னுடையவை என்று இந்த வீட்டில் ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவற்றைப் பாழாக்கியவரும் அவரேதான். அவர் மேலிருந்த கோபம் போய்விடவில்லை. ஆனால் அதைப்போலப் பத்து மடங்கு கோபம் இன்னொரு பக்கம் திரும்பியது.

"கரண்டியா?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"சும்மா தமாசுக்குச் சொன்னேன். எல்லா வீட்லயும் அதத்தான வைக்கிறாங்க?"

தமாஷாம். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போகிறவள் யார் என்று நினைத்துக்கொண்டிருந்தார் இந்த மனுஷன்?

அவர் சூடத் தட்டைக் கையில் எடுத்தார். மாமியார் அதை வாங்கி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு நேரே பெஞ்சுக்குப் போனேன். பெயின்ட் போன ஹரிகேனுக்கு முதலில் காட்டினேன், பிறகு மற்ற விமானங்களுக்கு, மாமியாரின் மண்வெட்டிக்கு. என் கணவர் ஜீப் பக்கத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். கடைசியாகத்தான் ஜீப்புக்குப் போனேன். கரண்டிக்குக் காட்டவே இல்லை.